மரப்பாலில் பிறந்த பந்து

ரங்கத்தில் கோல்ஃப் மைதானம் கிடையாது. மத்திய அந்தமானின் இந்தச் சிற்றூருக்கு ஆம்குஞ்ச் கடற்கரை உண்டு, ஆமைகள் முட்டையிட வரும் கத்பர்ட் வளைகுடா உண்டு, கடைத்தெருவில் வங்காளத்தோடு தமிழும் காதில் விழும். என்றாலும் கோல்ஃப் பந்தின் கதையை இந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவதே நியாயம் என்பேன். காரணம் ஒரு மரம். அந்தமானின் மணற்கரைகளில், கடலுக்கு மிக அருகில் ஓங்கி நிற்கும் அதைச் ‘சீ மஹுவா’ என்கிறார்கள். நம் ஊர் இலுப்பை, மகிழம், உலக்கைப்பாலை, சப்போட்டா எல்லாம் இதற்கு உறவு. சப்போட்டாக் காயைக் கிள்ளினால் கசிகிறதே வெள்ளைப் பால், அந்தப் பால்தான் இந்தக் குடும்பத்தின் அடையாளம். கோல்ஃப் பந்தை இரண்டு முறை மாற்றிப்போட்டதும் அதுதான்.

விளையாட்டு பிறந்தது வேறு கடற்கரையில். ஸ்காட்லாந்தில் கடலுக்கும் வயலுக்கும் நடுவே மணல்மேடும் குட்டைப்புல்லுமாகக் கிடந்த நிலம் உழவுக்கு உதவாது. ஆடு மேய்க்கலாம், பந்தடிக்கலாம். காற்றுக்குப் பயந்து ஆடுகள் ஒண்டிய பள்ளங்களே பின்னாளில் ‘பங்கர்’ என்னும் மணற்குழிகளாயின என்று சொல்வார்கள். 1457இல் அந்நாட்டு நாடாளுமன்றம் இந்த ஆட்டத்தைத் தடை செய்தது. ஆண்கள் வில்வித்தை பழகாமல் இதிலேயே பொழுதைக் கழிக்கிறார்களாம்.

அன்றைய உயர்தரப் பந்து தோலுக்குள் இறகு திணித்தது. ஒரு தொப்பி நிறைய வாத்திறகை வேகவைத்துச் சிறு தோல்பைக்குள் அடைத்துத் தைப்பார்கள். தேர்ந்த கைவினைஞராலும் நாளொன்றுக்கு மூன்று நான்கு பந்துகளுக்கு மேல் முடியாது. அதனால் விலை அதிகம். மழையில் நனைந்தால் தையல் விட்டுப்போகும். பிரிட்டனுக்கு வெளியே இன்றிருக்கும் மிகப் பழைய கோல்ஃப் சங்கம் 1829இல் கல்கத்தாவில் தொடங்கியது. வங்காளத்து மழையில் இறகுப் பந்து என்ன பாடுபட்டிருக்கும்!

இனி சிங்கப்பூர். மலாய்க்காரர்கள் இதே குடும்பத்துக் காட்டுமரமொன்றின் பாலைக் கெட்டியாக்கிக் கத்திப்பிடி செய்வதைக் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரி கவனித்தார். வெந்நீரில் இட்டால் களிமண்போல் குழையும், ஆறினால் இறுகும். கட்டாபெர்ச்சா என்ற அந்தப் பொருளின் மாதிரிகள் 1843இல் லண்டன் போய்ச் சேர்ந்தன.

அடுத்து நடந்ததைக் கோல்ஃப் உலகம் இப்படிச் சொல்கிறது. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பேட்டர்சன் குடும்பத்துக்குக் கிழக்கிலிருந்து ஒரு விஷ்ணு சிலை பெட்டியில் வருகிறது. சிலை உடையாமலிருக்கச் சுற்றிலும் கட்டாபெர்ச்சாத் துண்டுகள். வீட்டுப்பிள்ளை ராபர்ட் முதலில் அதை உருக்கிக் காலணிக்கு அடி போடுகிறார். பிறகு பந்தாக உருட்டுகிறார். பெருமாள் புண்ணியத்தில் பந்து பிறந்த கதை முழுக்க உண்மையோ இல்லையோ, 1848 வாக்கில் புதுப் பந்து புழக்கத்துக்கு வந்துவிட்டது. ஈரம் அண்டாது, விலை மலிவு, நசுங்கினால் வெந்நீரில் போட்டு மறுபடி உருட்டிக்கொள்ளலாம்.

இறகுப் பந்துக்காரர்களுக்கு இது வயிற்றில் அடித்தமாதிரி. அந்தத் தொழிலின் பெரிய கை ஆலன் ராபர்ட்சன் புதுப் பந்துகளை விலைகொடுத்து வாங்கி எரித்தாராம். அவருடைய உதவியாளர் டாம் மோரிஸ் ஒருநாள் கையிருப்புத் தீர்ந்து புதுப் பந்தில் ஆடிவிட, இருவருக்கும் முறிந்தது. மோரிஸ் பிரிந்துபோய்ப் பின்னாளில் பிரிட்டிஷ் ஓபன் பட்டத்தை நான்கு முறை வென்றார். ராபர்ட்சனும் மனம் மாறினார். செயின்ட் ஆண்ட்ரூஸில் 80க்குக் குறைவாக 79 அடிகளில் ஆட்டத்தை முடித்த முதல் ஆள் அவர்தான், 1858இல்.

ஒரு விசித்திரம்: வழுவழுப்பான புதுப் பந்து சரியாகப் பறக்கவில்லை, அடிபட்டுக் கீறல் விழுந்த பழசுதான் சீராகப் பறந்தது. உடனே பந்து செய்பவர்கள் சுத்தியலால் கொத்தி விற்கத் தொடங்கினார்கள். இன்றைய பந்தின் குழிகளுக்கு இந்தக் கீறல்களே மூதாதை. மலிவான பந்தோடு ஆட்டமும் பரவியது. கொழும்பில் 1879இல் தொடங்கிய சங்கம் முதலில் ஆடிய இடம் காலிமுகத்திடல், அசல் கடலோர மைதானம்.

அதே காலத்தில் கட்டாபெர்ச்சா மரத்துக்குப் பெரிய எதிரி கிளம்பியிருந்தது: கடலடித் தந்தி. உப்புநீரில் கெடாத உறை அன்று கட்டாபெர்ச்சா ஒன்றே. 1851இல் டோவர்-கலே, 1866இல் அட்லாண்டிக், 1870-71இல் சென்னையிலிருந்து வங்கக்கடல் கடந்து பினாங்கு, சிங்கப்பூர். ரப்பரைப்போல் கீறி வடித்தால் இந்தப் பால் போதிய அளவு ஒழுகாது. மரத்தையே வெட்டிச் சாய்க்க வேண்டும். மலேயக் காடுகளில் லட்சக்கணக்கில் சாய்த்தார்கள். காட்டை நேசிக்கும் எவருக்கும் இந்தப் பக்கத்தை வாசிப்பது வலிக்கும். பிறகு பாலித்தீன் வந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபாருக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் ஒளியிழைக் கம்பி திறக்கப்பட்டபோது அது கரையேறிய இடங்களில் ரங்கத்தும் ஒன்று. அதற்காக எந்தப் பால்மரத்தையும் வெட்ட வேண்டியிருக்கவில்லை.

பந்துக்கு வருவோம். 1898இல் அமெரிக்காவின் ஏக்ரான் நகரில், நண்பரின் ரப்பர் ஆலைக்குப் போன கோபர்ன் ஹாஸ்கெல் ரப்பர் நூலை இழுத்துச் சுற்றிப் பந்தாக்கும் யோசனையைச் சொன்னார். 1902இல் சாண்டி ஹெர்ட் அந்தப் பந்தால் ஓபனை வென்றதும் பழைய பந்தின் காலம் முடிந்தது. பிரிட்டனில் போலிகள் குவிந்தன. ஹாஸ்கெல் தரப்பு வழக்குத் தொடுத்துத் தோற்றது. நூல் சுற்றிய பந்தை முன்பே செய்திருந்தோம் என்று பழைய ஆட்டக்காரர்கள் சாட்சி சொல்லிவிட்டார்கள்.

ரப்பர் நூலுக்கு மேலே உறை வேண்டுமே? அங்கே மறுபடி அதே குடும்பம் வந்தது. தென்னமெரிக்காவின் பலாட்டா மரப்பால். நம் உலக்கைப்பாலையும் அந்தமானின் சீ மஹுவாவும் சேர்ந்திருக்கும் மனில்காரா பேரினம்தான் அதுவும். பல பத்தாண்டுகள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அந்த மென்மையான உறையையே விரும்பினார்கள். 1960களில் டூபான்ட் நிறுவனத்தின் சர்லின் நெகிழி வந்தது, பிறகு யூரித்தேன் உறைப் பந்து வந்தது, மரத்துக்கு வேலை போயிற்று.

அடிபட்ட பந்து எங்கே போகிறது? கலிஃபோர்னியாவின் பெபிள் பீச், கடற்பாறைகளின் விளிம்பில் காற்றோடு மல்லுக்கட்டி ஆடும் அழகான, கடினமான மைதானம். அதையொட்டிய கடலில் அலெக்ஸ் வெபர் என்ற பெண் பள்ளிப் பருவத்திலேயே மூச்சடக்கி மூழ்கிப் பந்து பொறுக்கத் தொடங்கினார். அவரும் துணைநின்றோரும் இரண்டாண்டுகளில் எடுத்தவை 50,681. 2019இல் ஆய்வுக்கட்டுரையாக வந்த அந்தக் கணக்கு, அலையில் தேயும் பந்து கடலுக்குள் நெகிழித் துகளை உதிர்ப்பதைக் காட்டியது.