கருணைத்தொகையும் உரிமைத்தொகையும்

1957 செப்டம்பர் 11ஆம் நாள் பரமக்குடியில் கொலையுண்ட தியாகி இம்மானுவேல் சேகரனாரின் நினைவிடத்திற்கு ஆண்டுதோறும் நம்மவர் சென்று வருவதை இளைஞர்கள் அறிவர். 2011ஆம் ஆண்டு அதே நாளில் அந்நகரில் காவல்துறையினர் துப்பாக்கிச் சூடு நடத்தினர். அன்றைய நிகழ்வுகளில் அறுவர் மாண்டனர். அரசு நிவாரணம் அறிவித்தது. நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையமும் அமைத்தது. 2013இல் சட்டமன்றத்தில் வைக்கப்பெற்ற அதன் அறிக்கை, காவல்துறையின் செயலைச் சரியென்றது.

அத்தோடு யாவும் முடிந்ததென்று பலர் கருதினர். விசாரணை ஆணையம் நீதிமன்றமன்று. 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி அமையும் ஆணையம் தன் கருத்தை அரசுக்குச் சொல்லலாம். தண்டிக்கவோ, இழப்பீடு தருமாறு ஆணையிடவோ அதற்கு அதிகாரமில்லை. அதன் கருத்து நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்துவதுமில்லை.

பட்டாசு ஆலையில் வெடிவிபத்து நேர்ந்தால் இழப்பீடு கேட்கவேண்டும் என்பது சிவகாசி வட்டாரத்தில் எழுத்தறியாத தாய்க்கும் தெரியும். காவலரின் குண்டுக்கு இரையானவனுக்காகவும் கேட்கலாம் என்பதோ படித்தவர்க்கும் தெரிவதில்லை! பிறர் குற்றத்தால் ஒருவர் இறந்தால் அவருடைய மனைவி அல்லது கணவன், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்காக வழக்குத் தொடுக்க 1855ஆம் ஆண்டின் உயிர்ச்சேத விபத்துச் சட்டமே வழி செய்திருக்கிறது.

எனினும் அரசை எதிர்த்து வெல்வது எளிதாக இருக்கவில்லை. மீரட் நகரில் காவலர் கைப்பற்றிய தங்கம் காவல் நிலையத்திலிருந்தே களவு போனது. அதன் விலையைக் கேட்ட வணிகருக்கு, அரசின் இறையாண்மைப் பணியில் நேர்ந்த தவறுக்கு அரசு பொறுப்பாகாது என்று 1964இல் கஸ்தூரிலால் வழக்கில் உச்சநீதிமன்றம் கையை விரித்தது. தங்கத்துக்கே இந்நிலையென்றால் ஏழையின் உயிருக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்!

திருப்பம் பீகாரிலிருந்து வந்தது. 1986 ஏப்ரல் 19 அன்று அர்வால் என்னும் ஊரில் கூடியிருந்த நிலமற்ற ஏழை மக்கள்மீது காவலர் சுட்டதில், சிறுவர்கள் உட்பட 21 பேர் இறந்தனர். இறந்தோர் ஒவ்வொருவருக்கும் 20,000 ரூபாய் வழங்குமாறு உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. தொகை சிறிதே. ஆனால் இத்தொகையைப் பெறுவதால், உறவினர் தனியே முழு இழப்பீடு கோரும் உரிமை கெடாது என்றும் நீதிபதிகள் தெளிவுபடுத்தினர். நாம் நெஞ்சில் பதிக்க வேண்டியது இதனையே. பின்னர், காவலில் மகனைப் பறிகொடுத்த ஒடிசாத் தாய் ஒருவர் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, 1993இல் 1,50,000 ரூபாய் வழங்கச் செய்தது அதே நீதிமன்றம். அடிப்படை உரிமை மீறப்பட்டால் இறையாண்மை என்னும் சாக்கு செல்லாது என்பது அவ்வழக்கின் தீர்ப்பு.

அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின்படி உயர்நீதிமன்றத்தை அணுகலாம். நம் பகுதிக்கு 2004 முதல் மதுரைக் கிளை உள்ளது. உரிமையியல் நீதிமன்றத்தில் 1855ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்கிடுவோர் இறப்பு நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செய்தல் வேண்டும். அதற்குமுன் அரசுக்கு இரண்டு மாத அறிவிப்பும் பொதுவாகத் தேவை. பிணக்கூறு அறிக்கையின் படியும் முதல் தகவல் அறிக்கையின் படியும் உடனே வாங்கி வைத்தல் வேண்டும். இறந்தவரின் வருவாயைக் கொண்டே இழப்பீடு கணக்கிடப்படுகிறது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் எண்ணிக்கைக் கூலி பெறும் நம்மவர் பலரிடம் அதற்கான சீட்டு ஒன்றும் இருப்பதில்லை.