ரொறன்ரோத் தமிழ் அச்சில் டொலர் குறி

1983ஆம் ஆண்டு இனக்கலவரத்தை அடுத்து இலங்கையிலிருந்து பெருமளவில் பெயர்ந்த தமிழர் ரொறன்ரோவிலும் அதன் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவிலும் கடைகளையும் வார இதழ்களையும் அச்சகங்களையும் நிறுவத் தொடங்கியபோது, தமிழ் எழுத்தும் கணினிக்குள் மெல்லப் புகுந்துகொண்டிருந்தது. கனடாவிலேயே முனைவர் சீனிவாசன் 1980களில் ஆதமி என்னும் தமிழ்ச் செயலியை ஆக்கியிருந்தார். எனினும் ஈழத்தமிழரின் அச்சுப்பணியில் வேரூன்றியது, இலங்கைத் தட்டச்சுப் பொறியின் விசை வரிசையைத் தழுவி, பழகிய விரல்களுக்குப் புதுப்பயிற்சி தேவைப்படாமல் செய்த பாமினி எழுத்துருவே.

கணினி ஒவ்வொரு எழுத்தையும் ஓர் எண்ணாகவே சேமிக்கிறது. பாமினியோ தமிழுக்கெனத் தனி எண்களைக் கொள்ளாமல், ஆங்கில எழுத்துகளின் எண்கள்மீதே தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்தது. ஜே, கே, பி, ஓ ஆகிய விசைகளையும் அரைப்புள்ளி விசையையும் அடுத்தடுத்துத் தட்டினால் திரையில் ‘தமிழ்’ தோன்றும், எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பு பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக நிற்கும். விசைப்பலகையில் நேரே தட்டக்கூடிய வடிவங்கள் 94 மட்டுமே என்பதால், உயிர்மெய்களுக்கு இடம் தேடும் முயற்சியில் குறிகள் பலவும் பெயர்க்கப்பட்டன: காற்புள்ளி விசையில் ‘இ’ அமர, விழுக்காட்டுக் குறி ‘மூ’ ஆயிற்று, டொலர் குறி ‘கூ’ ஆயிற்று. ‘ரூ’வுக்கும் ஒரு தனிவிசை வாய்த்தது, ரூபாயில் கணக்கெழுதும் நாட்டுக்கு அது வசதிதான். விலையையும் தள்ளுபடியையும் அச்சிட்டே பிழைத்த ரொறன்ரோ விளம்பரப் பக்கங்களுக்கோ மிகவும் வேண்டிய இரு குறிகளே கைநழுவின. ஒவ்வொரு விலைக்கும் ஆங்கில எழுத்துருவுக்கு மாறி, குறியைத் தட்டி, மீண்டும் பாமினிக்குத் திரும்ப வேண்டியிருந்தது. மாற மறந்தால் அரிசி மூட்டையின் விலைக்கு முன்னால் ‘கூ’ வந்து நின்றது.

உலக எழுத்துகள் அனைத்துக்கும் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறியில் 1991இலேயே தமிழ் இடம்பெற்றது. 2003இல் வெளிவந்த நான்காம் பதிப்பு பற்று, வரவு, ரூபாய், மேற்படி முதலிய பழைய கணக்கேட்டுக் குறிகளையும் சேர்த்துக்கொண்டது. இ-கலப்பை போன்ற செயலிகள் பாமினியின் விசை வரிசையை விட்டுவைத்து, சேமிக்கும் எண்ணை மட்டும் ஒருங்குறிக்கு மாற்றியதால், பழைய தட்டச்சாளர் எவரும் விரல்பழக்கத்தைத் துறக்க நேரவில்லை. தீராது எஞ்சியது பழைய கோப்புகளின் சிக்கலே. எழுத்துருக் குறிப்பை இழந்துவிட்ட பாமினிக் கோப்பில் 36 என்னும் எண் டொலரையும் குறிக்கலாம், ‘கூ’வையும் குறிக்கலாம், கோப்பை ஒருங்குறிக்கு மாற்றும் செயலி இரண்டையும் ஒன்றாகவே காணும் என்பதால், வரியைப் படித்துப் பொருளறிந்து திருத்த ஒரு மனிதர் வேண்டும்.