மந்தைக் கல்லில் மூன்று புலிகள்

மேற்கே ஏலமலைத் தொடரும் கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும் அரணாக நிற்கும் கம்பம் பள்ளத்தாக்கு, இன்று நெல்லுக்கும் வாழைக்கும் பன்னீர்த் திராட்சைக்கும் பேர்போன பிரதேசமாக விளங்குகிறது. என்றாலும், 1895ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி பெரியாற்று அணை திறக்கப்பட்டு, மேற்குக் கடலை நோக்கி ஓடிய வெள்ளம் பொறியாளர் பென்னிகுவிக் குடைந்த மலைச் சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பியதற்கு முந்தைய நெடுங்காலத்தில், இம்மண்ணின் ஜீவனத்தில் ஆடுமாடுகள் வகித்த ஸ்தானம் இன்று நாம் எண்ணுவதைவிடப் பெரிது. அந்தக் காலத்து மேய்ப்பரின் அச்சத்தையும் சாதுரியத்தையும் அறிய விரும்புவோர், ஏடுகளைவிடக் கல்லில் கீறிய சில கோடுகளையும் அவற்றின்மேல் நகரும் பதினெட்டுக் காய்களையுமே நாடவேண்டும். ஆடு புலி ஆட்டம் என்றும் பதினைந்தாம் புலி என்றும் நம் மக்கள் வழங்கும் விளையாட்டைக் கருதியே இதனைச் சொல்கிறேன்.

ஆண்டிபட்டிப் பக்கத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த, தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்று அறிஞர் மதிப்பிடுவர். அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆநிரைப் பூசலில் உயிர்நீத்த வீரன் ஒருவனுக்காக நட்டது. கால்நடைக்காக மனிதர் உயிர்கொடுத்த அந்த நிலத்தில், கம்பத்துத் தம்பிரான் மாட்டுத் தொழுவில் மாடுகளைத் தெய்வமாகக் கொண்டாடுவதும், மலைமாட்டுக்காரர்கள் தம் மந்தைகளைக் காட்டுக்குள் ஓட்டிச் சென்று பட்டிபோட்டுத் தங்கி மேய்ப்பதும், அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காகக் கிடை அமர்த்துவதும் தொன்றுதொட்டு வரும் வழக்கங்கள். மேய்ப்பவனுக்குக் களவு ஒரு பகை என்றால் காட்டு விலங்கு மற்றொரு பகை. பகல் முழுதும் மந்தையின்மேல் கண்வைத்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தவனுக்குப் பொழுதும் இருந்தது, பாறையும் இருந்தது, கூழாங்கல்லும் இருந்தது; அவன் மனத்தை விட்டு நீங்காத கவலையே ஆட்டமாக உருக்கொண்டது என்பது என் அபிப்பிராயம்.

அரங்கம் வரைவது எளிது. உச்சியில் ஒரு புள்ளி; அதிலிருந்து விரிந்து இறங்கும் நான்கு கோடுகள்; அவை நான்கும் போய்ச் சேரும் ஓர் அடிக்கோடு; இடையே, இருபுறமும் வெளியே நீண்டு, ஓரங்களில் நிமிர்கோடுகளால் பிணைக்கப்பட்ட மூன்று கிடைக்கோடுகள். கோடுகள் கூடும் இடங்களை எண்ணினால் 23 வரும். புலிக்கு மூன்று பெரிய கற்களும், ஆட்டுக்குப் பதினைந்து புளியங்கொட்டைகளோ ஓட்டுச் சில்லுகளோ போதும். புலிகள் உச்சியிலும் அதனை அடுத்த இடங்களிலும் முதலிலேயே அமர்ந்துவிட, ஆட்டுக்காரர் முறைக்கு ஒன்றாக ஆடுகளை இறக்குவார். புலிக்காரர் தம் முறையில் ஒரு புலியை அடுத்த இடத்துக்கு நகர்த்துவார், அல்லது பக்கத்து ஆட்டுக்கு அப்பால் நேர்கோட்டில் இடம் காலியாயிருந்தால் அதைத் தாண்டி வெட்டுவார். பதினைந்தும் இறங்கும்வரை, இறக்கிய ஆட்டை நகர்த்த உரிமையில்லை. ஆடு எதையும் வெட்டாது. மூன்று புலிகளையும் அசைய வழியின்றி அடைப்பது ஒன்றே அதன் வெற்றி. ஊருக்கு ஊர் சிற்சில விதிகள் வேறுபட்டாலும் இந்த ஆதாரம் மாறுவதில்லை.

தாயத்திலும் பரமபதத்திலும் அதிர்ஷ்டத்துக்குள்ள இடம் இங்கே அணுவளவும் இல்லை. சதுரங்கத்தில் இரு சேனைகளும் சமபலத்தோடு எதிர்நிற்க, இங்கோ ஒரு பக்கம் பலமும் வேகமும், மறுபக்கம் எண்ணிக்கையும் பொறுமையுமாக, முற்றிலும் வெவ்வேறான இரண்டு ஜாதிப் பலங்களைப் பெயர் தெரியாத யாரோ ஒரு நாட்டுப்புற மேதை ஒன்றோடொன்று நிறுத்துப் பார்த்திருக்கிறார். தாண்டுவதற்கு அப்பால் ஓரிடம் வேண்டுமாதலால், கோடுகள் முடிந்துபோகும் இடத்தில் நிற்கும் ஆட்டைப் புலி தொட முடியாது. உச்சியும், ஓரத்து நான்கு மூலைகளும், அடிக்கோட்டின் இரு முனைகளும் ஆகிய ஏழும் அத்தகைய இடங்கள். ஆட்டுக்கு அடைக்கலமான அந்த மூலையே புலிக்குச் சிறையாவதுதான் இதன் விசேஷம்: உச்சியிலிருக்கும் புலியைத் தனியே அடைக்க எட்டுக் காய்கள் வேண்டியிருக்க, ஓரத்து மூலையில் ஒதுங்கியதை நான்கே ஆடுகள் அடைத்துவிடும். ஆகையால் அனுபவசாலி, முதல் ஆடுகளை மூலைகளில் இறக்கி, பின்வருபவற்றை முன்னவற்றோடு அணைத்து நிறுத்தியே நடுவுக்கு வருவார். ஓர் இழப்பும் இன்றிப் பதினைந்தும் இறங்கிவிட்டால் அரங்கில் காலியிடம் ஐந்துதான். அதன்பின் புலிக்கு மூச்சு முட்டத் தொடங்கும். மாறாக, ஐந்தாறு ஆடுகள் வெட்டுப்பட்டபின் ஆட்டுக்காரர் ஜயிப்பது துர்லபம்.

கம்பம் பள்ளத்தாக்கில் தமிழரோடு, கன்னடம் பேசும் ஒக்கலிகரும் தெலுங்கு பேசும் கம்பளத்தாரும் தலைமுறை தலைமுறையாகக் கூடி வாழ்கின்றனர். இவ்வாட்டமும் கன்னட நாட்டில் ஆடு-ஹுலி என்றும், தெலுங்கு நாட்டில் புலி-மேக என்றும் வழங்குகிறது. யார் யாருக்குக் கற்பித்தார் என்று வழக்காடுவது வீண்வேலை. நேபாளத்தில் நான்கு புலிகளும் இருபது ஆடுகளும் 25 புள்ளிகளில் பொருதுகின்றன; இலங்கையில் இரண்டு சிறுத்தைகளை இருபத்துநான்கு மாடுகள் வளைக்கின்றன; 1283ஆம் ஆண்டில் காஸ்டிலிய மன்னர் பத்தாம் அல்போன்சோ எழுதுவித்த ஆட்டநூலிலோ ஒற்றை முயலைப் பலர் துரத்துகிறார்கள். அந்தந்த நாட்டார் தமக்குப் பழகிய பிராணியையே அரங்கில் ஏற்றினர்.

தொன்மையைப் பற்றிப் பேசுகையில் நிதானம் அவசியம். வேம்பின் நிழலில் அரங்கு கீறி, நெல்லிக்காயை வட்டாகக் கொண்டு சிறுவர் ஆடும் காட்சி நற்றிணையின் மூன்றாம் பாட்டில் உண்டு. ஆனால் அதனையே ஆடு புலி ஆட்டம் என்று சாதிப்பது அதீதம். தரையில் கோடு கீறிக் காய் ஆடும் வழக்கம் அவ்வளவு பழையது என்பதற்கே அது சாட்சி. தமிழகத்துக் கோயில் மண்டபங்களின் தளத்தில் காணப்படும் அரங்குகளையும், மண்டபம் எழுந்த நாளிலேயே வெட்டியவை என்று சிலர் கூறிவிடுகின்றனர். தளம் போட்ட கல்தச்சன் கீறியதா, பின்னொரு நூற்றாண்டில் வழிநடைக்காரர் கீறியதா என்பதைக் கல்லின் வயது தீர்மானிக்காது.

இவ்வாட்டத்துக்கு ஊற்றான மேய்ச்சலும் இன்று பழையபடி இல்லை. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காட்டு மேய்ச்சலுக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைக் காடு புலிகள் காப்பகமாயிற்று. அடுத்த ஆண்டே காப்பகக் காடுகளில் கால்நடை மேய்ச்சலைச் சென்னை உயர் நீதிமன்றம் தடைசெய்தது. புலியைக் காப்பது நம் கடமை என்பதில் எனக்குச் சிறிதும் சந்தேகமில்லை. மேய்ப்பரின் நெடுங்கால அனுபவமும் காக்கத்தக்கதே என்பதிலும் அவ்வாறே. ஆனால் ஊர் மந்தையிலும் சாவடியிலும் அவர்களது அரங்குகளைச் சுமந்த கல்தளங்கள் பெயர்க்கப்பட்டு, வழவழப்பான ஓடுகள் பதிக்கப்படும் காலம் இது. தேனி மாவட்டத்துத் திருப்பணிக் குழுவினரும் பள்ளி ஆசிரியர்களும், ஒரு கல்லைப் பெயர்ப்பதற்கு முன் அதில் அரங்கு உண்டா என்று பார்த்து, உண்டெனில் படமெடுத்து, அளவு குறித்து, அவ்வூர் விதிகளைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவைக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.