ஓடுவதைப் படம்பிடிக்கக் கற்ற வரலாறு



எங்கள் பைராம் தோட்டத்திற்குச் சற்றுத் தொலைவில், செம்பனை மரங்கள் வெட்டப்பட்ட வெற்று நிலத்தில், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மோட்டோகிராஸ் பந்தயம் நடந்தது. தார்ச்சாலையில் அல்லாமல், மேடும் பள்ளமும் சேறுமான மண் தடத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் பந்தயமே மோட்டோகிராஸ். மேட்டின் உச்சிக்கு வந்ததும் வண்டி ஆளோடு சேர்ந்து அந்தரத்தில் எழும்பி, அப்பால் போய் இறங்கும். என்னிடம் ஆறாம் ஆண்டுவரை படித்த மாணவன் ஒருவன், தொழிற்சாலை வேலையில் மிச்சம் பிடித்த பணத்தில் பழைய காமிரா ஒன்றை வாங்கி, அதைத் தோளில் மாட்டிக்கொண்டு அங்கே போயிருந்தான். மறுநாள் மாலை என் வீட்டு வாசலில் வந்து நின்றான். முகம் வாடியிருந்தது.

“சார், முந்நூறு படம் எடுத்தேன். பாதியில மோட்டாரே இல்ல, வெறும் சேறுதான். மீதி தெளிவாத்தான் விழுந்திருக்கு. ஆனா மோட்டாரு ஓடல சார், நிக்குது.”

படங்களைப் பார்த்தேன். அவன் சொன்னது உண்மைதான். சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். ஆனால், வண்டியைக் கடையில் நிறுத்தி வைத்ததுபோல் இருந்தது. தெளிவாக விழுந்த படத்தில் ஓட்டம் ஏன் காணாமல் போகிறது? இந்தக் கேள்விக்குப் பின்னால் ஏறத்தாழ 180 ஆண்டு வரலாறு இருக்கிறது. அன்று அவனுக்கு அரைகுறையாகச் சொன்னதை இன்று உங்களுக்குச் சற்று ஒழுங்காகச் சொல்ல முயல்கிறேன்.

அதற்குமுன் எங்கள் வீட்டுப் படம் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் பாட்டனார் சிறுவனாக இருந்தபோது தோட்டத்து மக்களை வரிசையாக நிறுத்தி எடுத்த படம் அது. பெரியவர்கள் எல்லாரும் மரம்போல் அசையாமல் நிற்கிறார்கள். முன்வரிசையில் ஒரு பையனுக்கு உடம்பு இருக்கிறது, முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெண்மையாக ஓர் இழுப்பு. அவர் பாட்டனாரின் தம்பி. ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டு போகப்பட்டவர்களுள் ஒருவர், திரும்பி வரவில்லை. அவருக்கு இருக்கும் ஒரே படம் இதுதான். “சொன்ன பேச்சு கேக்காம ஆடிட்டான்” என்று பாட்டி ஒவ்வொரு முறையும் சொல்வார்.

அசைந்தவர்களை விழுங்கிவிடுவது பழைய காமிராக்களின் இயல்பு. 1838-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான தாகேர், பாரிஸ் நகரின் பெருவீதி ஒன்றைத் தம் வீட்டுச் சாளரத்திலிருந்து படம் எடுத்தார். வண்டிகளும் மக்களும் நிறைந்த வீதி. படத்திலோ வெறிச்சோடிக் கிடக்கிறது. தகட்டில் ஒளி படியப் பல நிமிடங்கள் ஆயின. அதற்குள் நடந்தவர் ஒருவரும் தகட்டில் தங்கவில்லை. ஒரே ஒருவர் மட்டும் விழுந்திருக்கிறார். அவர் காலணிக்கு மெருகு போட்டுக்கொள்வதற்காகக் காலைத் தூக்கி வைத்தபடி அசையாமல் நின்றவர். படத்தில் விழுந்த முதல் மனிதர் அவர்தான் என்று வரலாற்றாசிரியர் பலர் கூறுவர். அவர் காலடியில் குனிந்து மெருகு போட்டவர் கலங்கலாகத்தான் தெரிகிறார். அவர் கை வேலை செய்துகொண்டிருந்ததன்றோ!

பின்னர் தகடுகள் விரைவு பெற்றாலும் நெடுங்காலம் நொடிக்கணக்கில் நிற்கத்தான் வேண்டியிருந்தது. மலாயாத் தோட்டங்களின் பழைய படங்களைக் கூர்ந்து பாருங்கள். பால் வெட்டுபவர் மரத்தில் கத்தியை வைத்தபடி சிலையாக நிற்பார். அது வேலை அன்று. வேலை செய்வதுபோல் நிற்பது.

இந்தத் தடையை உடைத்தது ஒரு குதிரை. கலிபோர்னியாவில் ரயில் செல்வரான லேலண்ட் ஸ்டான்ஃபோர்டுக்குப் பந்தயக் குதிரைகள் இருந்தன. பாயும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புமா என்பது அன்று பெரிய வாதம். இதற்காக அவர் பெருந்தொகைக்குப் பந்தயம் கட்டினார் என்று ஒரு கதை உண்டு. அதற்குச் சான்று இல்லை. எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற ஆங்கிலேயப் படக்காரரை அவர் அமர்த்தினார் என்பது மட்டும் உறுதி. 1878-ஆம் ஆண்டு ஜூன் மாதம், பாலோ ஆல்டோவில், மைபிரிட்ஜ் பன்னிரண்டு காமிராக்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் ஷட்டரோடும் ஒரு மெல்லிய நூலைப் பிணைத்துப் பாதையின் குறுக்கே கட்டினார். குதிரை நூலை அறுத்துக்கொண்டு ஓட ஓட, காமிராக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே இயங்கின. சாலி கார்ட்னர் என்னும் அந்தக் குதிரை ஒரு மைலை 1 நிமிடம் 40 நொடியில் கடக்கும் வேகத்தில் ஓடியது. மணிக்குச் சுமார் 58 கிலோமீட்டர். மோட்டோகிராஸ் வண்டி மண் தடத்தில் ஓடும் வேகத்திற்கு இது மிகவும் தொலைவில் இல்லை.

நான்கு கால்களும் எழும்பத்தான் செய்தன. ஆனால் ஓவியர்கள் காலங்காலமாக வரைந்ததுபோல் முன்னும் பின்னும் நீண்டிருக்கும்போது அல்ல; வயிற்றுக்கடியில் மடங்கிக் கூடியிருக்கும்போது. மனிதக் கண் எத்தனை நூற்றாண்டுகள் பார்த்தும் காணாததைக் காமிரா கண்டது. ஆயினும் அந்தப் படங்களைத் தனித்தனியே பார்த்தால் குதிரை ஏதோ பொம்மைபோல் விறைத்துத் தெரிகிறது. பன்னிரண்டையும் வரிசையாகப் பார்த்தால்தான் ஓடுகிறது. என் மாணவன் சொன்ன குறை அன்றே பிறந்துவிட்டது.

அதற்குப் பின் கருவிகள் விரைந்து வளர்ந்தன. ஈரத் தகட்டின் இடத்தை உலர்தகடு பிடித்தது. 1882-இல் மாரே என்ற பிரெஞ்சு அறிஞர், நொடிக்குப் பன்னிரண்டு படம் எடுக்கும் துப்பாக்கி போன்ற கருவியைச் செய்து பறவைகளை நோக்கிக் குறி வைத்தார். ஜெர்மனியில் அன்ஷூட்ஸ் என்பவர் 1884-இல் பறக்கும் நாரைகளைப் படம் பிடித்தார். தகட்டின் முன்னால் ஒரு சிறு பிளவு நகர்ந்து செல்லும் ஷட்டருக்கு 1888-இல் உரிமம் பெற்றார். நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் ஒளியை உள்ளே விடும் வித்தை இவ்வாறு படக்காரர் கைக்கு எட்டியது.

மணிக்கு 58 கிலோமீட்டரில் ஓடும் வண்டி, நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் 1.6 சென்டிமீட்டர்தான் நகரும். ஆகவே அது நின்றதுபோல் விழும். அறுபதில் ஒரு பங்கில் 27 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். காமிராவை அசையாமல் பிடித்திருந்தால் வண்டி கரைந்து போகும். ஒன்றில் ஓட்டம் இல்லை. மற்றதில் வண்டியே இல்லை. இரண்டுக்கும் நடுவே வழி உண்டா?

வழி காட்டியவர் ஓர் இளைஞர். 1894-இல் பிறந்த ழாக் ஆன்றி லார்டீக், சிறுவயதில் தந்தையிடமிருந்து காமிரா பெற்றவர். பிரான்சில் நடந்த கார்ப் பந்தயத்தில் அவர் எடுத்த படம் ஒன்று உலகப் புகழ் பெற்றது. 1912-ஆம் ஆண்டுப் படம் என்று நெடுங்காலம் குறிக்கப்பட்டது. 1913 என்று கருதுவோரும் உண்டு. காரின் முன்பாகம் படத்திற்கு வெளியே போய்விட்டது. சக்கரம் வட்டமாக இல்லை, முட்டைபோல் நீண்டு முன்னோக்கிச் சாய்கிறது. பார்வையாளர்களோ பின்னோக்கிச் சாய்கிறார்கள். வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி எடுத்துக்கொண்டு வந்தால் நானே குறைந்த புள்ளிதான் போட்டிருப்பேன். ஆனால் பார்ப்பவர் காதில் இரைச்சலே கேட்கும்போல் இருக்கும்.

காரணம் எளிது. லார்டீக் காமிராவைக் காரோடு சேர்த்துத் திருப்பினார். ஆனால் காரின் வேகத்திற்கு எட்டாமல். ஷட்டரின் பிளவு காட்சியைத் தரையிலிருந்து மேலாகப் படிப்படியாகப் பதிந்தது. சக்கரத்தின் அடி முதலில் பதிய, மேற்புறம் பதியும்போது கார் சற்று முன்னே போயிருந்தது. காமிரா திரும்பியதால் நின்ற மனிதர்கள் பின்னே நகர்ந்தவர்களாக விழுந்தார்கள். பேருந்தில் போகும்போது கைத்தொலைபேசியில் படம் எடுத்தால் கம்பங்கள் சாய்ந்து விழுவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அதுவும் இதே கதைதான். லார்டீக்கின் படங்கள் 1963-இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில் காட்சிக்கு வந்தபோது அவருக்கு அறுபத்தொன்பது வயது.

மோட்டோகிராஸ் பிறந்ததும் அந்தத் தலைமுறையில்தான். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் மோட்டார் சைக்கிள் செய்துவந்த ஆல்பிரட் ஸ்காட், 1914-இல் தம் தொழிலாளர்களுக்காகக் கரடுமுரடான நாட்டுப்புறப் பாதையில் ஒரு போட்டி வைத்தார். அதைப் பின்பற்றி 1924 மார்ச் 29 அன்று தென் இங்கிலாந்தின் கேம்பர்லியில் நடந்த ஓட்டமே மோட்டோகிராஸின் தொடக்கம் என்பர். எங்கள் தோட்டத்தை உடைமையாகக் கொண்டிருந்த ராம்ஸ்டன் குடும்பத்தின் மாளிகைக்கும் பைராம் என்றே பெயர்; அதுவும் யார்க்‌ஷயரில்தான் இருந்தது. எங்கள் தோட்டத்தின் பெயரும் இந்த விளையாட்டின் வேரும் ஒரே வட்டாரம் என்பதைச் சொன்னபோது என் மாணவன் சிரித்துவிட்டான்.

தமிழருக்கு மோட்டார் பந்தயம் புதிதன்று. 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம், உலகப் போர்க் காலத்து விமானத் தளமான சோழவரத்தில் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது; 1990-இல் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறியது. நம் நாட்டில் பத்து தீகா ஓடுதளம் 1968 முதல் 2003 வரை இருந்தது. அங்கே வண்டி பெரும்பாலும் பக்கவாட்டில் ஓடும், காமிராவும் பக்கவாட்டில் திரும்பினால் போதும். மோட்டோகிராஸில் வண்டி ஏறவும் இறங்கவும் செய்கிறது. ஆனால் அதில் ஒரு சலுகையும் உண்டு. மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் தயங்குவதுபோல, வண்டியும் உச்சியில் மேலேயும் போவதில்லை, கீழேயும் வருவதில்லை. முன்னோக்கிய ஓட்டம் மட்டுமே அந்தக் கணத்தில் மிஞ்சும். அப்போது பக்கவாட்டில் திருப்பினால் போதும்.

இதை அறிந்தபின் என் மாணவன் தோட்டச் சாலையில் பழகத் தொடங்கினான். வண்டி எந்த இடத்திற்கு வரும்போது அழுத்தப் போகிறோமோ அந்த இடத்தை நோக்கிக் கால்களை ஊன்றி, இடுப்பை மட்டும் பின்னே திருப்பி, தொலைவிலேயே வண்டியைக் காமிராவுக்குள் பிடித்து, அதனோடு வர வேண்டும். அழுத்திய பிறகும் நிறுத்தாமல் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் படம் உதறிவிடும். வேகம் அறுபதில் ஒன்று முதல் நூற்றிருபத்தைந்தில் ஒன்று வரை. காலையில் குலை வெட்டப் போகும் தொழிலாளர்களின் மோட்டார்களை அவன் எடுத்தான். இப்போது அவர்களில் பலர் வங்காளதேசத்தவர், இந்தோனேசியரும் உண்டு. நூறில் தொண்ணூறு வீண். மீதிப் பத்தில் பின்னணிச் செம்பனைகள் பச்சைக் கோடுகளாக ஓட, ஓட்டுபவரின் முகம் மட்டும் தெளிவாக நின்றது. அந்தப் படங்களை அவர்கள் கேட்டு வாங்கி ஊருக்கு அனுப்பினார்கள்.

அடுத்த பந்தயத்திற்கு நானும் கூடப் போனேன். ஆர்வ மிகுதியில் அவன், வண்டிகள் வந்து இறங்கும் இடத்தின் ஓரத்திற்கே போய்விட்டான். கொடி பிடித்தவர் சீழ்க்கை அடித்து விரட்டினார். அவன் விலகிய சிறிது நேரத்தில் ஒரு வண்டி இறங்கும்போது சறுக்கி, அவன் நின்ற இடத்தை உழுதுகொண்டு போயிற்று. ஓட்டியவர் எழுந்து சேற்றைத் துடைத்துக்கொண்டார். எனக்குத்தான் கால் நடுங்கியது. “தம்பி, படம் இல்லன்னா பரவால்ல, வா” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கயிற்றுக்கு இப்பால் வந்தேன். கயிற்றுக்கு இப்பாலிருந்து எடுத்த படங்களிலும் வண்டிகள் ஓடின.

படங்களைக் காட்ட வீட்டுக்கு வந்தவன், சுவரில் இருந்த பழைய படத்தின் முன் நின்றுவிட்டான். முகமில்லாத பையனை நெடுநேரம் பார்த்தான்.

“சார், இவரு ஆடல. திரும்பியிருக்காரு. பாருங்க, இழுப்பு கிடையாப் போகுது. இந்தப் பக்கத்துல காது கொஞ்சம் தெளிவா இருக்கு. மொதல்ல நேரா நின்னுருக்காரு, அப்புறம் அந்தப் பக்கம் எதையோ பாத்துருக்காரு. அந்தப் பக்கம் என்ன சார் இருந்துச்சு?”

படத்தில் இருக்கும் கோயில் மேடை இன்றும் இருக்கிறது. அதை வைத்துத் திசையைக் கணக்கிட்டேன். அந்தப் பக்கம் இருந்தது சாலை.