காயலான் கடையில் எரிந்த நீல வெளிச்சம்



அணு விபத்து என்றால் செர்னோபிலும் ஃபுகுஷிமாவும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். இன்று நான் எழுதப்போவது அணு உலையே இல்லாத ஓர் ஊரைப் பற்றி. பிரேசிலின் நடுப்பகுதியில் உள்ள கோயானியா. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

அந்த ஊரில் ஒரு தனியார் புற்றுநோய் சிகிச்சை நிலையம் 1985 வாக்கில் இடம் மாறியது. கதிர்வீச்சு இயந்திரம் ஒன்றைப் பழைய கட்டடத்திலேயே விட்டுவிட்டுப் போனார்கள். காவல் இல்லை, கதவும் சரியில்லை. 1987 செப்டம்பர் 13 அன்று பழைய சாமான் பொறுக்கும் இரண்டு பேர் உள்ளே போய், ஈயம் கிடைக்கும் என்று அதன் தலைப்பகுதியைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். அதற்குள் 100 கிராமுக்கும் குறைவான சீசியம்-137 உப்பு இருந்தது. காயலான் கடைக்காரர் ஒருவர் அதை விலைக்கு வாங்கினார். இரவில் அது நீலமாக ஒளிர்ந்தது. ஏதோ அபூர்வப் பொருள் என்று நினைத்தார். சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் எல்லோரும் வந்து பார்த்தார்கள், ஆளுக்குக் கொஞ்சம் எடுத்தும் போனார்கள். அவருடைய சகோதரரின் மகளுக்கு வயது ஆறு. அந்தப் பொடி ஒட்டிய கையோடு சாப்பிட்டாள்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பெரியவராகத் தெரிபவர் கடைக்காரரின் மனைவிதான். படித்த நிபுணர் அல்ல. வீட்டில் எல்லோரும் ஒரே சமயத்தில் வாந்தியும் பேதியுமாகக் கிடக்கிறார்களே, இந்தப் பொருள் வந்த பிறகுதானே இப்படி என்று யோசித்தவர் அவர். செப்டம்பர் 28 அன்று அதை ஒரு பையில் போட்டு, கடை ஊழியர் ஒருவரோடு பஸ்ஸில் ஏறி, சுகாதார அலுவலகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். மறுநாள் ஓர் இயற்பியலாளர் அளவுகருவியோடு வந்தார். முள் எல்லையைத் தாண்டி ஓடவே, கருவிதான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து வேறொன்று வாங்கி வந்தார். அதிலும் அதே கதை! தீயணைப்புக்காரர்கள் பையை ஆற்றில் எறிய இருந்தார்கள். அவர் வந்து தடுத்ததால் ஆறு பிழைத்தது.

ஊர் விளையாட்டரங்கில் சுமார் 1,12,000 பேரைச் சோதித்தார்கள். 249 பேரிடம் கதிரியக்கம் ஒட்டியிருந்தது. நான்கு பேர் இறந்தார்கள். அந்தச் சிறுமியும், பையைத் தூக்கிச் சென்ற அந்தப் பெண்மணியும் ஒரே நாளில், அக்டோபர் 23 அன்று.

சிறுமியை ஈயம் பதித்த பெட்டியில் வைத்து அடக்கம் செய்யக் கொண்டுவந்தபோது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கல்லறைத் தோட்டத்தை மறித்துக் கல்லெறிந்தார்கள். எங்கள் மண்ணில் புதைக்காதே என்று. பயம் மனிதரை என்ன செய்யும் என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன், ஆனாலும் இந்த இடத்தைப் படிக்கும்போது புத்தகத்தை மூடி வைக்கத்தான் தோன்றுகிறது. கல்லெறிந்த அதே ஊர்க்காரர்கள் வெளியூர் போனால் ஓட்டல்களில் அறை கிடைக்கவில்லை. ‘இவரிடம் கதிரியக்கம் இல்லை’ என்று அரசு சான்றிதழ் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

பிறகு சுத்தப்படுத்தும் வேலை. ஏழு வீடுகளை இடித்தார்கள். மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தார்கள். துணிமணி, தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் பீப்பாய்க்குள் போயின. சுமார் 3,500 கன மீட்டர் கழிவு. 100 கிராம் கூட இல்லாத உப்புக்கு! கழிவை ஊருக்கு வெளியே அபாதியா தெ கோயாஸ் என்ற இடத்தில் வைத்திருக்கிறார்கள். இப்போது பார்த்தால் புல் வளர்ந்த இரண்டு மேடுகள்தான்.

ஊர் இதை எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பதுதான் என்னை எழுத வைத்தது. அந்தச் சிகிச்சை நிலையம் இருந்த இடத்தில் பெரிய மாநாட்டு மண்டபம் கட்டிவிட்டார்கள். ஆனால் இயந்திரத்தைப் பிரித்த 57-ஆம் தெருவில் அந்த மனை கான்கிரீட் பூசி வெறுமையாகவே கிடந்தது. சிறுமியின் பெயரில் அரசு ஓர் அறக்கட்டளை தொடங்கியது. பாதிக்கப்பட்டவர்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்துக்கொண்டார்கள். அரசுக் கணக்கில் சாவு நான்கு. சங்கத்தின் கணக்கில் நூறைத் தாண்டும். கணக்கு இடிப்பதற்குக் காரணம் உண்டு. காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கள், பீப்பாய் தூக்கிய தொழிலாளிகள் பின்னாளில் நோய்வாய்ப்பட்டதாகச் சொல்லி, எங்களையும் சேருங்கள் என்று பென்ஷனுக்காக வருஷக்கணக்கில் போராடினார்கள். யாரைப் பட்டியலில் சேர்ப்பது என்பதே அங்கே வரலாற்றுச் சண்டை.

அபாதியா தெ கோயாஸ்காரர்கள் வேறு வழியில் போனார்கள். தங்கள் ஊர்க் கொடியிலேயே அந்த மூன்றிதழ்க் கதிரியக்கச் சின்னத்தைப் போட்டுக்கொண்டார்கள். ஒளிப்பதை விட இது மேல் என்பது என் கட்சி.

நம் நாட்டிலும் இதன் தங்கை போல ஒன்று நடந்தது. 2010-இல் தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை, 1985 முதல் சும்மா கிடந்த ஒரு காமா கருவியை ஏலத்தில் விற்றது. அது மாயாபுரி காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. உள்ளே கோபால்ட்-60. தொழிலாளி ஒருவர் இறந்தார், பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். உங்களில் எத்தனை பேருக்கு இது ஞாபகம் இருக்கிறது?

தில்லியில் இருக்கும் பிள்ளைகள் யாராவது மாயாபுரிப் பக்கம் போனால், அந்தக் கடைத்தெருவில் இறந்துபோன தொழிலாளிக்காக ஒரு பலகையாவது இருக்கிறதா என்று பார்த்து, கீழே எழுதுங்கள்.