முட்டைக்குள் ஓமோன்: பாசல் நகரச் சேவல் முதல் பொஸ்டன் வரை



புரொய்லர் கோழிக்கு ஓமோன் ஊசி போடுகிறார்கள், அதனால்தான் பிள்ளைகள் வேளைக்கே பெரியாகிறார்கள் என்று ஊரில் நாங்கள் எல்லோரும் பேசிக்கொள்கிறோம். புரொய்லர் கொழுப்பது பல தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்த இனத்தாலும் தீனியாலும்தான். ஆனால் கோழிக்கும் ஓமோனுக்கும் உண்மையாகவே ஒரு கதை இருக்கிறது.

1474 இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் முட்டையிட்டது என்ற குற்றத்துக்காக ஒரு சேவலை விசாரித்து, முட்டையோடு சேர்த்து எரித்தார்கள். அந்த முட்டையிலிருந்து விஷப்பிராணி பொரிக்கும் என்று பயம். பாவம், அது அநேகமாக ஒரு பேட்டுக்கோழியாகத்தான் இருந்திருக்கும். பேட்டுக்குப் பேட்டு இறகைக் கொடுப்பதே சூலகத்திலிருந்து வரும் ஈஸ்திரஜன். சூலகம் நோய்ப்பட்டால் சேவல் இறகு முளைக்கும்.

இது விளங்க நெடுங்காலம் எடுத்தது. 1849 இல் ஜேர்மனியின் கொட்டிங்கனில் பெர்தோல்ட் என்பவர் ஆறு சேவல் குஞ்சுகளை வைத்துப் பார்த்தார். விதைகளை முற்றாக எடுத்துவிட்ட குஞ்சுகளுக்குக் கொண்டை சிறுத்தது, கூவலும் இல்லை, சண்டையும் இல்லை. விதையை வெட்டி வயிற்றுக்குள்ளேயே வேறிடத்தில் ஒட்டவைத்தவையோ வழமையான சேவல்களாகவே வளர்ந்தன. நரம்பு அறுந்தும் வேலை நடந்ததால், ஏதோ ஒன்று இரத்தத்தில் கலந்து போகிறது என்று முடிவெடுத்தார். அப்போது ஓமோன் என்ற சொல்லே கிடையாது.

அடுத்த கேள்வி முட்டைக்குள் போனது. கோழி முளையத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தொடக்கத்தில் உறுப்புகள் ஒன்றுபோலவே இருக்கும். 21 நாள் அடையில் முதல் வாரம் முடியும்போதுதான் பிரியத் தொடங்கும். பேட்டில் இடப்பக்கச் சூலகமும் முட்டை இறங்கும் குழாயும் மட்டுமே வளரும். 1935 இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பேர்க்கில் எத்தியேன் வொல்ஃப், கிங்லிங்கர் இருவரும் முட்டைக்குள் ஈஸ்திரஜன் செலுத்தினார்கள். ஆண் முளையங்களின் இடப்பக்க விதை பாதி சூலகமாக மாறியது. பொரித்த பிறகு அந்த விதை மெல்ல மெல்லத் திரும்பவும் விதையாகப் பார்க்கும். வளர்ந்த சேவலுக்கு அதே மருந்தைக் கொடுத்தால் கொழுப்பு வைக்கும், கொண்டை சுருங்கும், அவ்வளவுதான். முட்டைக்குள் இருக்கும் அந்தச் சில நாட்கள் வேறு விதமானவை.

1938 இல் இலண்டனில் டொட்ஸ் குழுவினர் டைஎதில்ஸ்ரில்பெஸ்ட்ரோல் என்ற செயற்கை ஈஸ்திரஜனைச் செய்தார்கள். மலிவானது, வாயால் குடிக்கலாம். அமெரிக்காவில் இறைச்சி மெதுவாகட்டும் என்று சேவல்களின் கழுத்தில் அதே மருந்தைக் குளிசையாகப் புதைத்தார்கள். கோழி இறைச்சியில் மருந்து தங்குகிறது என்று 1959 இல் அதை நிறுத்தினார்கள்.

அதே மருந்தைக் கருச்சிதைவைத் தடுக்கும் என்று கர்ப்பிணித் தாய்மாருக்கும் கொடுத்தார்கள். பயனில்லை என்று 1953 இலேயே சிகாகோவில் நடந்த ஆய்வு காட்டியது. கோழியில் நிறுத்திய பிறகும் தாய்மாருக்குக் கொடுப்பது நிற்கவில்லை. கோழி இறைச்சியில் பார்த்த பயத்தை வயிற்றுப் பிள்ளையில் பார்க்காமல் விட்டதை எப்படிச் சொல்வது?

1971 இல் பொஸ்டன் வைத்தியர்கள், இளம் பெண்களுக்கு மிக அரிதாக வரும் யோனிப் புற்றுநோய் எட்டுப் பேருக்கு வந்ததை ஆராய்ந்தார்கள். அவர்களில் ஏழு பேரின் தாய்மார் கர்ப்பகாலத்தில் அந்த மருந்தைக் குடித்திருந்தார்கள். அதே ஆண்டின் இறுதியில் கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க அரசு எச்சரித்தது. நோய் வராத மகள்மார் பலருக்கும் கருப்பையின் வடிவம் மாறியிருந்தது, பிள்ளை தங்குவதே கஷ்டமானது. தாய்மாரில் பலருக்குத் தாங்கள் குடித்த குளிசையின் பெயரே ஞாபகத்தில் இருக்கவில்லை.