வேரிலே பூஞ்சை, இலையிலே நஞ்சு

ஒரகடம் சாலையை விட்டு வடக்குப்பட்டுக்குள் நுழைந்தால் தொழிற்சாலைகளின் இரைச்சல் சற்றே பின்வாங்குகிறது. 2022-இல் தொல்பொருள் இலாகாவினர் இந்த ஊரைத் தோண்டியபோது கற்காலக் கருவிகள் கிடைத்தன. என் மாமாவுக்கு அதில் ஒரு சுவாரஸ்யமும் இல்லை. அவர் கவலையெல்லாம் தம்முடைய கால் காணித் தக்காளியைப் பற்றித்தான்.

"நேத்துத்தான் தண்ணி கட்டினேன். பூச்சியும் இல்லை. மத்தியானமானா இது தலையைத் தொங்கப் போட்டுடுது, பார்" என்றார்.

ஒரு செடியைப் பிடுங்கித் தண்டை நீளவாக்கில் கீறினார். உள்ளே பழுப்புக் கோடு ஓடியிருந்தது.

"வேர்லே இருக்கிற பூஞ்சை உச்சி இலையை எப்படியப்பா சாகடிக்கும்?"

காலேஜில் இரண்டு வருஷம் தாவர சாஸ்திரம் படித்தவன் நான். ஆனாலும் பதில் தெரியவில்லை. வீடு திரும்பிப் புத்தகங்களைப் புரட்டினேன். விடையில் ஒரு பங்கு நம் சென்னையிலேயே கண்டுபிடிக்கப்பட்டது என்று அறிந்தபோது ஆச்சரியமாயிருந்தது.

வாடல் நோயைப் பற்றி விஞ்ஞானிகளுக்குள் வெகு காலமாக ஒரு வழக்கு இருந்தது. நீர் ஏறும் குழாய்களைப் பூஞ்சை அடைத்துவிடுகிறது என்றது ஒரு கட்சி. அது கக்கும் நஞ்சு நீரோடு ஏறி இலையைக் கெடுக்கிறது என்றது மறு கட்சி. ஜப்பானில் 1934-இல் யபுடாவும் அவர் சகாக்களும் ப்யுஸேரியம் பூஞ்சையிலிருந்து ப்யுஸேரிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். ஸ்விட்ஸர்லாந்தில் கொய்மான் அதைத் தக்காளி வாடலோடு தொடர்புபடுத்தினார். ஆனால் சீசாவில் வளர்ந்த பூஞ்சை நஞ்சு கக்கினால் போதுமா? செடிக்குள்ளும் கக்குகிறது என்பதற்குச் சாட்சி எங்கே?

சாட்சி சென்னையிலிருந்து வந்தது. சென்னைச் சர்வகலாசாலையின் தாவரவியல் ஆராய்ச்சிக் கூடத்துக்கு 1944 முதல் தலைமை வகித்தவர் டி. எஸ். சதாசிவன். அந்தக் கூடத்தைச் சேர்ந்த லட்சுமிநாராயணனும் சுப்பிரமணியனும், நோய் கண்ட பருத்திச் செடிக்குள்ளேயே அந்த அமிலம் இருப்பதை 1955-இல் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார்கள். அடைப்பும் உண்டு, நஞ்சும் உண்டு என்பது இன்றைய தீர்ப்பு.

கொலைக்கருவி நஞ்சு என்றால் அதை முறிக்கச் செடிக்குக் கற்பிக்கலாமே! மக்காச்சோளம் இதை முன்பே அறிந்திருந்தது. அதைத் தாக்கும் ஒரு பூஞ்சையின் நஞ்சைச் செயலிழக்கச் செய்யும் ஜீனை 1992-இல் ஜோஹலும் பிரிக்ஸும் பிரித்துக் காட்டினார்கள். அமெரிக்கச் செஸ்ட்நட் மரத்தை அழித்த பூஞ்சை ஆக்ஸாலிக் அமிலத்தைக் கக்குவது. அந்த அமிலத்தை உடைக்கும் கோதுமை ஜீனை நியூயார்க் மாநில விஞ்ஞானிகள் அம்மரத்தில் புகுத்திச் சோதித்தார்கள்.

இத்தனை சாமர்த்தியத்திலும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. 1940-களில் அமெரிக்காவில் துரு நோயை எதிர்க்கும் 'விக்டோரியா' வழி ஓட்ஸைப் பரவலாகப் பயிரிட்டார்கள். துரு விலகியது. 1946-இல் வேறொரு பூஞ்சை தன் நஞ்சோடு வந்தது. அந்த ஓட்ஸ் மட்டுமே குறிப்பாக மடிந்தது. துருவைத் தடுத்த குணத்தையும் நஞ்சுக்கு இடம் கொடுத்த குணத்தையும் எவ்வளவு முயன்றும் பிரிக்க முடியவில்லை. திருடனுக்கென்று வைத்த காவல்காரனே கொலைகாரனுக்குக் கதவைத் திறந்துவிட்டான்!

அடுத்த முறை போனபோது மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரி, எனக்கு என்ன வழி?"

"வாடின செடியைப் பிடுங்கி எரிச்சுடுங்க, மாமா. நோய் தாங்குகிற ரகம் பாருங்க. இந்த மண்ணிலே சில வருஷம் தக்காளி வேண்டாம். பூஞ்சை மண்ணிலேயே காத்திருக்கும்."

மாமா சிரித்தார். வேலிக்கு அப்பால், மனைப்பிரிவுக்காக நட்டிருந்த வெள்ளைக் கற்களைப் பார்த்தார்.

"பூஞ்சை காத்திருக்கும். மண்ணு காத்திருக்குமா?"

அந்தக் கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.